தோ பாயோவில் ஒரு பிட்சிங் கோச்: இடது கைப் பிள்ளையின் மாமா எழுதும் மதிப்புரை

சிங்கப்பூரில் பூப்பந்துக்கும் நீச்சலுக்கும் கோச் வேண்டும் என்று கேட்டால் ஒரே மாலையில் கைநிறைய எண்கள் வந்துவிடும். சாஃப்ட்பாலில் பிட்சிங்கை, அதாவது பந்து வீசுவதை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆளைத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை. என் அக்கா மகள் உயர்நிலை ஒன்றில் சாஃப்ட்பாலை இணைப்பாட நடவடிக்கையாக எடுத்தாள். கொஞ்ச நாளிலேயே “மாமா, நான் பிட்சராகணும்” என்று சொல்லிவிட்டாள். அக்கா தாதி, வார இறுதியிலும் வேலை இருக்கும். அத்தானுக்கு இரவு ஷிஃப்ட். அதனால் கோச் தேடுவது, கூட்டிப்போவது, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பந்து பிடிப்பது எல்லாம் என் பொறுப்பாகிவிட்டது. சில இடங்களில் பார்த்துவிட்டு, கடைசியில் தோ பாயோவில் வகுப்பு எடுக்கும் ஒரு பெண் கோச்சிடம் சேர்த்தோம். ஓராண்டுக்கு மேல் ஆகிறது. இதே தேடலில் இருக்கும் பெற்றோருக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவர் பெயரைப் போடவில்லை. தனி ஆளாக நடத்துகிறார், விளம்பரம் எதுவும் கிடையாது, பெயர் வெளியே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பிள்ளையின் பள்ளியில் சாஃப்ட்பால் இருந்தால், மூத்த மாணவிகளின் பெற்றோரிடம் விசாரியுங்கள். எங்களுக்கும் அப்படித்தான் எண் கிடைத்தது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் காசுக்கு மேலாகவே கிடைக்கிறது. ஆனால் சீக்கிரம் பலன் தெரிய வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது.

சாஃப்ட்பால் பார்த்துப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மில் பலருக்குக் கிரிக்கெட்தான் தெரியும். அங்கே பந்து வீசுபவர் ஓடி வருவார், பந்து தரையில் குத்தி எழும், இரண்டு பக்க ஸ்டம்புக்கும் இடையே 20.12 மீட்டர் தூரம் இருக்கும். சாஃப்ட்பால் பிட்சருக்கு ஓட்டம் கிடையாது. தரையில் பதித்த ஒரு வெள்ளைப் பலகையில் கால் வைத்து நிற்க வேண்டும், கையை ஒரு முழு வட்டம் சுற்றிக் கீழிருந்து வீச வேண்டும், ஒரே ஒரு எட்டுதான் முன்னால் வைக்கலாம். அனைத்துலக விதிப்படி பெண்களுக்கு அந்தப் பலகையிலிருந்து, பேட்டர் (மட்டை பிடிப்பவர்) நிற்கும் இடத்திலுள்ள ஹோம் பிளேட் வரை 43 அடி, அதாவது 13.11 மீட்டர். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அரை நொடியில் மட்டைக்கு முன்னால் வந்து நிற்கும். பெயரில் சாஃப்ட் இருக்கிறதே தவிர, பந்து மெத்தென்று இருக்காது. சுற்றளவு 30 சென்டிமீட்டர், எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம். முட்டியில் பட்டால் இரண்டு நாள் தெரியும்.

இளையோர் ஆட்டங்களைப் பார்த்தால் பிட்சர் மேல் எவ்வளவு சுமை இருக்கிறது என்று புரியும். நான்கு பந்து தவறான இடத்தில் போனால் பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்கு, அதாவது ஓட்டப் பாதையின் முதல் நிறுத்தத்துக்குப் போய்விடலாம். பிட்சருக்குக் குறி தப்பிவிட்ட நாளில், மட்டை பந்தைத் தொடாமலேயே ஓட்டங்கள் ஏறிக்கொண்டே போகும். மற்ற எட்டுப் பிள்ளைகளும் வெயிலில் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கோச் வெளியே இருக்கிறார், மாமா வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். என்ன தப்பாகிறது என்று அவளே கண்டுபிடித்து அடுத்த பந்திலேயே திருத்த வேண்டும். ஆகவே பிட்சிங் கோச்சை எடைபோட எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிகிறது. அவர் பக்கத்தில் இல்லாதபோது பிள்ளையால் என்ன செய்ய முடிகிறது?

இதற்கு முன்னால் பார்த்த இடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்று குழு வகுப்பு. பிள்ளைகள் அதிகம், சொல்லிக்கொடுப்பவர் ஒருவர். நேராகப் பந்து போடவே வராத பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே ரைஸ்பால் பிடியைக் காட்டினார்கள். மேலே எழும்பிப் போவதாகத் தோன்ற வைக்கும் பந்து அது. அதற்குச் சுத்தமான பின்சுழற்சி வேண்டும், அந்தச் சுழற்சிக்குக் கை ஒரே பாதையில் வந்து பழகியிருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி, ஆனால் ஒருவர் பந்தும் பிளேட்டைத் தாண்டவில்லை. இன்னோர் இடத்தில் தனிப்பயிற்சி. அவர் நன்றாக விளையாடியவர், அக்கறையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு திருத்தம் வரும். முழங்கை, முட்டி, இடுப்பு, தோள், தலை என்று அடுத்தடுத்து சொல்லிக்கொண்டே இருப்பார். திரும்பும் வழியில் எம்ஆர்டி ரயிலில் “இன்னைக்கு என்ன கத்துக்கிட்ட?” என்று கேட்டேன். “நிறைய மாமா” என்றாள். அதில் ஒன்றைச் சொல் என்றபோது சொல்லத் தெரியவில்லை. அது பிள்ளையின் குறை என்று நான் நினைக்கவில்லை.

தோ பாயோ கோச்சிடம் முதல் வகுப்பு, குடியிருப்புப் பேட்டைக்குள் கூரை போட்ட ஒரு பலநோக்குத் திடலில். பாதித் திடலில் சில அங்கிள்கள் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கோச் என்னிடம் வணக்கம் சொன்னதோடு சரி, மற்ற கேள்விகள் எல்லாம் பிள்ளையிடம்தான். ஏன் பிட்சராக வேண்டும் என்று கேட்டார். “ஆட்டம் என் கையிலேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றாள். அவர் தலையசைத்துவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், குந்தி எழச் சொன்னார், சாதாரணமாக மேல்கையில் பந்து எறியச் சொன்னார். பிட்சிங் தொடங்கவே வெகு நேரம் ஆனது.

அதற்குப் பிறகு செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வலைக்கு மிக அருகில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு வீசச் சொன்னார். வீசி முடித்ததும், கண்ணைத் திறப்பதற்கு முன்னால், பந்து மேலே போனதா கீழே போனதா, சீக்கிரம் விட்டோமா தாமதமாக விட்டோமா என்று அவளே சொல்ல வேண்டும். கீழ்க்கை வீச்சில் பந்தைத் தாமதமாக விட்டால் அது மேலே ஏறும், சீக்கிரம் விட்டால் தரையில் குத்தும். அதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதைவிட விரலால் உணர்வது முக்கியம் என்கிறார். முதலில் அவள் சொன்னதெல்லாம் தப்பு. வகுப்பு முடியும் நேரத்தில் பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாள். அன்றைக்குத் திரும்பும்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே, “நான் லேட்டா விடறேன் மாமா, அதான் எல்லாம் உசரமா போகுது” என்றாள். அங்கேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. இவரிடம்தான் சேர்க்க வேண்டும்.

கை வட்டத்தின் முடிவில் என்ன செய்ய வேண்டும் என்பதில் சாஃப்ட்பால் உலகத்தில் பெரிய வாக்குவாதமே இருக்கிறது. பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனென்றால் கோச்சுக்குக் கோச் மாறிச் சொல்வார்கள். பழைய முறையில், பந்தை விட்டதும் மணிக்கட்டை மேல்நோக்கிச் சுண்டி, முழங்கையை கேட்சரை (பிளேட்டுக்குப் பின்னால் பந்து பிடிப்பவரை) பார்க்கும்படி தூக்கி முடிக்க வேண்டும். பல ஆண்டுகளாக அதையே சொல்லிக்கொடுத்தார்கள், இன்றைக்கும் சொல்லுகிறார்கள். ஆனால் பெரிய பிட்சர்களின் மெதுவேகக் காணொளிகளைப் பார்த்தால் அவர்கள் கை அப்படிப் போவதில்லை. கை கீழே வரும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்கிறது. முன்கை இடுப்பை உரசுகிறது. அந்த உரசலில் மேற்கை தடைப்பட்டு நிற்க, முன்கையும் மணிக்கட்டும் சாட்டை நுனி போல வேகமெடுத்து உள்பக்கமாகத் திரும்புகின்றன. வேகம் அங்கேதான் பிறக்கிறது. பந்து கையை விட்ட பிறகு கை எங்கே போகிறது என்பது அதன் விளைவுதான், வலிந்து செய்ய வேண்டியதில்லை.

எங்கள் கோச் இரண்டாவது கட்சி. ஆனால் அதை ஒரு கொள்கையாக அவர் பிரசங்கம் செய்யவில்லை. கைபேசியில் அக்கா மகளின் வீச்சை மெதுவேகத்தில் எடுத்து, ஒரு தேசிய அணிப் பிட்சரின் வீச்சுக்குப் பக்கத்தில் வைத்து, “என்ன வித்தியாசம், நீயே சொல்” என்று கேட்டார். பிள்ளை நன்றாகப் பார்த்துவிட்டு, அவர் கை இடுப்பில் படுகிறது, என் கை படவில்லை என்றாள். அதற்கப்புறம் அந்த ஒன்றை மட்டும்தான் பல வாரங்கள் செய்தார்கள். பக்கவாட்டில் நின்று வீசுவது, கையை மேலே நிறுத்திவைத்து அங்கிருந்து இறக்குவது, நடந்து வந்து வீசுவது. வேறு திருத்தம் எதுவும் கிடையாது. கால் தப்பாக விழுந்தாலும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். அதைப் பற்றிக் கேட்டேன். “ஒரு நேரத்தில் ஒன்றுதான். காலுக்கு அடுத்து வருவோம்” என்றார். வந்தார். தரையில் சாக்பீஸால் பிளேட்டை நோக்கி ஒரு கோடு போட்டு, எட்டு வைக்கும் கால் அந்தக் கோட்டின் மேல் சாய்வாக விழ வேண்டும் என்று பழக்கினார். பலகையிலிருந்து தள்ளும் கால் தரையை உரசிக்கொண்டே வர வேண்டும். அதை எடுத்து இன்னோர் இடத்தில் ஊன்றி மறுபடி உந்தினால் நடுவர் தவறான வீச்சு என்று அறிவித்துவிடுவார். பள்ளிப் பிட்சர்கள் பலருக்கு இருக்கும் பழக்கம் இது, சின்ன வயதிலேயே விட்டால்தான் உண்டு.

அந்த உரசலால் ஒரு செலவு இருக்கிறது. சிமெண்டுத் தரையில் பயிற்சி என்பதால் இடது காலணியின் முனை சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். நல்ல காலணியை வகுப்புக்குப் போடாதீர்கள். பழைய ஜோடியின் முனையில் தடித்த டேப் ஒட்டி அனுப்புங்கள்.

ஆமாம், அவள் இடது கை. எங்கள் அம்மாவுக்கு இது முதலில் மனத்தாங்கலாகத்தான் இருந்தது. சாப்பிடும்போது மட்டுமாவது வலது கை என்று பழக்கிவிட்டார். ஆட்டத்தில் இடது கைப் பிட்சர் என்றால் வரம். பந்து வரும் கோணமே பேட்டர்களுக்குப் பழக்கமில்லாதது. அமெரிக்காவின் மோனிக்கா அபட் இடது கைதான். 2012இல் மணிக்கு 77 மைல், அதாவது சுமார் 124 கிலோமீட்டர் வேகத்தில் வீசிக் கின்னஸ் சாதனை செய்தவர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் இருந்த கேட் ஆஸ்டர்மனும் இடது கை. இதையெல்லாம் அம்மாவிடம் காட்டினேன். இப்போது யார் வந்தாலும் பேத்தியைப் பற்றி அவரே முதலில் சொல்கிறார்.

ஆனால் இடது கைக்காரருக்குச் சாமான் கிடைப்பது சிரமம். இடது கையால் வீசுபவருக்கு கிளவ் (பந்து பிடிக்கும் கையுறை) வலது கையில் போட வேண்டும். பொதுவில் வைத்திருக்கும் கிளவ்கள் பெரும்பாலும் வலது கைக்காரருக்கானவை. கடையிலும் உடனே கிடைக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். வாங்கும்போது விரல்களுக்கு இடையில் பின்னல் மூடியிருக்கிற கிளவ்வாகப் பார்க்கச் சொன்னார் கோச். ஓட்டை இருந்தால், உள்ளே விரல் எப்படிப் பிடிக்கிறது என்பதை பேட்டர் பார்த்துவிடுவார். எங்களுக்குப் பழைய கிளவ் ஒன்றை கரவுசல் என்ற இணையச் சந்தையில் தேடிக்கொடுத்ததே அவர்தான். இதற்கெல்லாம் அவர் காசு வாங்குவதில்லை.

கோச் வலது கை. அது குறையாக இருக்குமோ என்று நினைத்தவர்களுக்குச் சொல்கிறேன், அது வசதிதான். இருவரும் நேருக்கு நேர் நின்றால் கண்ணாடியில் பார்ப்பது மாதிரி பிள்ளை அப்படியே திருப்பிச் செய்யலாம். அவரும் அதைத் தெரிந்தே எதிரில் நின்று காட்டுகிறார்.

வீட்டுப் பயிற்சிக்கு அவர் கொடுத்த வழிகள் சிங்கப்பூர் வீடுகளைப் புரிந்துகொண்டவர் கொடுத்தவை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் பந்து விளையாட்டுக்குத் தடை என்று நகர மன்றப் பலகை தொங்குகிறது. சுவரில் பந்தடித்தால் மேல் வீட்டிலிருந்து புகார் வரும். அதனால் வீட்டுக்குள் பந்தே வேண்டாம் என்றார். காலுறைகளைச் சுருட்டி உருண்டையாக்கி, படுக்கையறைக் கதவை மூடிவிட்டு அதன் மேல் வீச வேண்டும். சத்தமே கேட்காது. கை இடுப்பில் உரசுகிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். தினமும் கொஞ்ச நேரம், வீட்டுப்பாடத்துக்கு நடுவில் எழுந்து செய்தால்கூடப் போதும். பந்தின் மேல் தடித்த கறுப்பு மார்க்கரால் ஒரு பட்டை போடச் சொன்னார். வாரக் கடைசியில் நான் பக்கெட்டில் உட்கார்ந்து பிடிக்கும்போது, சுழற்சி நேராக இருந்தால் பட்டை ஒரே கோடாகத் தெரிகிறது. சாய்ந்தால் தள்ளாடுகிறது. எறிந்தவளுக்கும் தெரிகிறது, எனக்கும் தெரிகிறது. பேச வேண்டிய அவசியமே இல்லை. நான் பேசக்கூடாது என்பதும் அவர் விதிதான். பிடிப்பவர் பிடிக்க மட்டும் வேண்டும். முகக்கவசமும் கால் காப்பும் இல்லாமல் பக்கெட்டில் உட்காரவும் விடமாட்டார். பிள்ளைக்கும் முகக்கவசம் கட்டாயம். வீசி முடிக்கும் இடத்தில் பிட்சர் பேட்டருக்கு இன்னும் நெருக்கமாக நிற்கிறாள், அடித்த பந்து நேராகத் திரும்பினால் கையைத் தூக்க நேரம் இருக்காது.

தோள் விஷயத்தில் அவர் காட்டும் கண்டிப்புக்காகவே நான் இந்த வகுப்பைச் சிபாரிசு செய்வேன். கீழ்க்கை வீச்சு இயற்கையானது, எத்தனை வீசினாலும் தோளுக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையில்லை. கை கீழே வரும்போது தோளை வெளியே இழுக்கும் விசை பெரியது. மேற்கையின் முன்தசைக்கும் தோளுக்கும் அதிகப் பயன்பாட்டால் காயம் வரும். பள்ளி அணியில் நன்றாக வீசும் பிள்ளை ஒன்றோ இரண்டோதான் இருக்கும், எல்லா ஆட்டத்திலும் அவர்களையே போடுவார்கள். எனவே கோச் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கச் சொல்கிறார். பள்ளியில் அந்த வாரம் எத்தனை பந்து வீசினாள், எங்கே வலித்தது என்று பிள்ளையே எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளியில் அதிகம் வீசியிருந்தால் சனிக்கிழமை வகுப்பில் பந்து வீசவே விடமாட்டார். காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சி, பிடி பழக்கம், காணொளி பார்ப்பது என்று போய்விடும். முதல் தடவை எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிள்ளைக்கு இருக்கவில்லை.

யூக்கிக்கோ உவேனோவின் கதையை அவரிடம்தான் கேட்டாள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்காக இரண்டே நாளில் மூன்று ஆட்டங்களில் 413 பந்து வீசி அமெரிக்காவைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கிக்கொடுத்தவர். அடுத்து 2012இலும் 2016இலும் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பாலே இல்லை. 2021இல் தோக்கியோவில் ஆட்டம் திரும்ப வந்தபோது, 39 வயதில் மறுபடி இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக வீசினார். ஜப்பான் 2-0 என்று வென்றது. இதைக் கேட்டதும் அக்கா மகள் 413 என்ற எண்ணைத்தான் பிடித்துக்கொண்டாள். கோச் அவளிடம், “அந்த இரண்டு நாளைப் பார்க்காதே, அதற்குப் பிறகு 13 ஆண்டு அந்தத் தோளைப் பத்திரமாக வைத்திருந்தாரே, அதைப் பார்” என்றார். 2028 லாஸ் ஏஞ்சலிஸில் சாஃப்ட்பால் மறுபடி ஒலிம்பிக்குக்கு வருகிறது. பிள்ளை அந்த ஆண்டைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள்.

குறைகளும் உண்டு. வாட்ஸ்அப்பில் பதில் வர ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். வகுப்புக்கு முந்தின நாள் சொல்லாமல் நிறுத்தினால் முழுக் கட்டணம். பிள்ளைக்குக் காலையில் திடீரென்று காய்ச்சல் வந்தாலும் அதே கணக்குதான். இதில் கொஞ்சம் இளக்கம் காட்டலாம் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். மின்னல் எச்சரிக்கை வந்தால் கூரை இருந்தாலும் வகுப்பை நிறுத்திவிடுவார். அது சரிதான், ஆனால் விட்டுப்போன நேரத்துக்கு மாற்று வகுப்பு கிடைக்க வெகு நாள் ஆகிறது. பள்ளிப் போட்டிக் காலத்தில் அவர் பள்ளி அணிகளோடு இருப்பதால் நேரமே கிடைக்காது. பிள்ளைக்கு அதிகம் தேவைப்படும் நேரமும் அதுதான். எங்களுக்குத் தூரமும் இருக்கிறது. செங்காங்கிலிருந்து சிராங்கூன், பீஷான் என்று இரண்டு இடத்தில் மாறிப் போக வேண்டும்.

பலர் குறையாகச் சொல்லும் ஒன்றை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வேகப்பந்து ஓரளவு குறியில் விழும்வரை அவர் வேறு பந்தே சொல்லிக்கொடுப்பதில்லை. அதற்கடுத்து சேஞ்சப், அதாவது கை அதே வேகத்தில் சுற்றி, பந்து மட்டும் மெதுவாகப் போவது. அதிலும் மாதக்கணக்கில் நிற்பார். சில பெற்றோர் பொறுமையிழந்து வேறு இடம் பார்த்துவிட்டார்கள். போன பள்ளி ஆட்டம் ஒன்றில் அக்கா மகளுக்கு இரண்டு பந்துதான் இருந்தது. எதிரணிப் பிட்சரிடம் நான்கைந்து வகை இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் இவளுக்குக் குறி தப்பியது, தொடர்ந்து இரண்டு பேர் நடந்து போனார்கள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் பிட்சர் நிற்கும் வட்டத்துக்குப் பின்னால் போய், கிளவ்வைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பந்தில்லாமல் கையை மெதுவாக ஒரு தடவை இறக்கி இடுப்பில் உரசிப் பார்த்தாள். திரும்பி வந்து வீசிய பந்து ஸ்டிரைக், குறியில் சரியாக விழுந்தது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. ஆட்டத்தில் தோற்றார்கள், அது வேறு. எனக்கு அந்த ஒரு பந்துக்கே கொடுத்த கட்டணம் தீர்ந்துவிட்டது.

நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்காக, அதாவது விளையாட்டு போன்ற திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறுவதற்காக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கநிலை ஐந்து, ஆறில் பிள்ளையைக் கொண்டுவந்து, இடம் கிடைக்கும்படி தயார்செய்துவிடுங்கள் என்று கேட்கிற பெற்றோர் இருக்கிறார்கள். அவர் எந்த உறுதியும் கொடுக்கமாட்டார். சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொள்கிறார், ஆனால் தூரத்தைக் குறைத்து, சிறிய பந்தில்தான் தொடங்குவார். அமெரிக்காவிலும் 10 வயதுக்குட்பட்டோருக்கு 35 அடி, 12 வயதுக்குட்பட்டோருக்கு 40 அடி என்றுதான் வைத்திருக்கிறார்கள். 43 அடியில் நின்று பந்தைச் சேர்க்கவே முழுப் பலத்தையும் போடும் பிள்ளைக்கு வீச்சு முறை கெட்டுப்போகும் என்கிறார். எனக்கும் அது சரியாகப் படுகிறது.

இவரிடமே வாருங்கள் என்று சொல்லவில்லை. வேறு யாரிடம் போனாலும் சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். தேசியப் பயிற்றுவிப்பாளர் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, முதலுதவி தெரியுமா, பெற்றோர் வகுப்பைப் பார்க்கலாமா. பார்க்கக்கூடாது என்றால் அங்கே விடாதீர்கள். எத்தனை பந்து வீசவைப்பார் என்று கேளுங்கள். “எவ்வளவு முடியுமோ அவ்வளவு” என்று பதில் வந்தால் திரும்பி வந்துவிடுங்கள். அப்புறம் முதல் வகுப்பு முடிந்ததும் பிள்ளையிடம் என்ன செய்தாய் என்று கேளுங்கள். ஒரே வாக்கியத்தில் சொல்கிறாளா பாருங்கள்.

கட்டணம்: தனியாக ஒரு மணி நேரம் 80 வெள்ளி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து வந்தால் ஆளுக்கு 50. இரண்டாவதுதான் நல்லது என்பேன். ஒருத்தி வீசும்போது இன்னொருத்தி பார்க்கிறாள், தோளுக்கும் ஓய்வு கிடைக்கிறது. பேநவ்வில் (கைபேசிவழிப் பணம் அனுப்பும் முறையில்) கட்டலாம், ரசீது கேட்டால் கொடுப்பார். சோதனை வகுப்புக்கும் காசு உண்டு, ஆனால் ஒத்துவராது என்று அவருக்கே தோன்றினால் வாங்கமாட்டார். தண்ணீர், தொப்பி, மாற்றுச் சட்டை கொண்டுபோங்கள், திடலில் உடை மாற்ற இடம் இல்லை. சனிக்கிழமை காலை நேரங்கள் நிரம்பிவிட்டன. புதன்கிழமை மாலையில் இன்னும் இடம் இருப்பதாகப் போன வாரம் சொன்னார்.